சென்ட்ரல் வாக்குவம் இழுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ரொறன்ரோவைச் சுற்றி மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருடைய வீட்டுச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சின்னதாக ஒரு மூடி இருக்கும். திறந்தால் உள்ளே வட்டமான ஓட்டை. அதில் நீண்ட ஹோஸைச் செருகினால் கராஜிலோ பேஸ்மென்டிலோ தொங்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும். தூசி சுவருக்குள் இருக்கும் குழாய் வழியாக அங்கே போய்ச் சேரும். இதுதான் சென்ட்ரல் வாக்குவம்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது முன்பிருந்தவர்கள் "அது வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். இரண்டு வருடம் தும்புத்தடியும் ஒரு சிறிய வாக்குவமும்தான். பிறகு ஒரு சனிக்கிழமை கராஜை ஒதுக்கும்போது இயந்திரத்தின் வாளியைக் கழற்றிப் பார்த்தேன். விளிம்பு வரை தூசி இறுகிக் கிடந்தது. அதைக் கொட்டி, துணி வடிகட்டியை உதறிப் பொருத்தியதும் வீடு முழுக்க இழுத்தது. அதற்குப் பிறகு உறவினர், அயலவர் என்று பல வீடுகளில் இதைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில், திருத்த வந்தவர் மோட்டார் போய்விட்டது என்று புது இயந்திரத்துக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிழை ஹோஸில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்தப் பிழையானாலும் அது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: இயந்திரத்தில், சுவருக்குள் இருக்கும் குழாயில், அல்லது கையில் இருக்கும் ஹோஸில். எதில் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுவரில் ஹோஸைச் செருகும் இடத்தைக் கடையில் இன்லெட் என்பார்கள். இங்கே சுவர்வாய் என்று எழுதுகிறேன்.

தொடங்கும் முன் மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. சுவர்வாய்க்கு வரும் மெல்லிய இரட்டைக் கம்பியில் இருப்பது ஏறக்குறைய 24 வோல்ட். இயந்திரத்தை ஓடு, நில் என்று சொல்வதற்கு மட்டும்தான் அது. கை பட்டால் ஆபத்தில்லை. ஆனால் சில வீடுகளில் ஹோஸ் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு சிறிய துளைகள் இருக்கும். கார்ப்பெட் தூரிகையைச் சுழற்றும் 120 வோல்ட் அதில் வருகிறது. அப்படிப்பட்ட சுவர்வாய்க்குள் கம்பி எதையும் நுழைக்கக் கூடாது, பிரேக்கரை நிறுத்தாமல் திருகாணியைத் தொடவும் கூடாது. இயந்திரத்தின் மூடியைத் திறப்பதானால் பிளக்கைக் கழற்றிய பிறகுதான்.

முதலில் காதால் கேளுங்கள்

இழுவை குறைந்துவிட்டது என்றால் உடனே எதையும் கழற்ற வேண்டாம். ஹோஸைச் செருகி ஓடவிட்டு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள்.

வழக்கத்தைவிடக் கீச்சென்று உயர்ந்த சத்தமாக இருந்தால் எங்கோ அடைப்பு. காற்று வராதபோது மோட்டாருக்குச் சுமை குறைகிறது, அதனால் அது வேகமாகச் சுழல்கிறது, சத்தம் ஏறுகிறது. ஹோஸின் வாயை உள்ளங்கையால் மூடிப் பார்த்தால் அதே சத்தம் கேட்கும்.

சத்தம் வழக்கம் போலத் தாழ்வாகவே இருந்து, கையில் மட்டும் இழுவை இல்லையென்றால் அது கசிவு. இயந்திரம் தாராளமாகக் காற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உங்கள் ஹோஸ் வழியாக அல்ல, வேறு வழியாக.

இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும். அடைப்பையும் கசிவையும் குழப்பிக்கொண்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சுவர்வாயிலும் ஒன்றுமே நடக்கவில்லை

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டின் பிரேக்கர் பெட்டியைப் பாருங்கள். கராஜில் பிளக்கைச் செருகும் இடம் சோதனைப் பொத்தான் உள்ள வகை என்றால் அது தானாகத் துண்டித்திருக்கலாம். சோதனைப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டும் (RESET) பொத்தானை அழுத்துங்கள். இயந்திரத்தின் உடம்பிலும் பெரும்பாலும் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அது வெளியே துருத்திக்கொண்டு நின்றால் உள்ளே தள்ளுங்கள்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறதா? இந்த இயந்திரம் தனி மின்சுற்றில் இருக்க வேண்டியது. பொதுவாக 15 ஆம்பியர், பெரிய இயந்திரமானால் 20. நம்மவர் வீடுகளில் கராஜில் இரண்டாவது ஃப்ரீசர் ஒன்று கட்டாயம் இருக்கும். மீனும் இறைச்சியும் நிறைந்த அந்த ஃப்ரீசரும் வாக்குவமும் ஒரே சுற்றில் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் தாங்காது. பிரேக்கர் விழுந்ததைக் கவனிக்காவிட்டால் ஃப்ரீசரில் இருப்பதெல்லாம் வீண். அதை வேறு சுற்றுக்கு மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு வாக்குவத்தை ஓட்டவே வேண்டாம்.

மின்சாரம் சரி, இன்னும் ஓடவில்லை என்றால், அந்த மெல்லிய 24 வோல்ட் கம்பிகள் இயந்திரத்தில் வந்து சேரும் இரண்டு முனைகளைத் தேடுங்கள். பக்கவாட்டில் வெளியேதான் இருக்கும். அந்தக் கம்பிகளை விலக்கிவிட்டு, சிறிய கம்பித் துண்டால் இரண்டு முனைகளையும் தொட்டு இணையுங்கள். இயந்திரம் ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. பிழை சுவருக்குள் போகும் கம்பியிலோ ஹோஸிலோ இருக்கிறது. யாராவது மோட்டார் போய்விட்டது என்றால், இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அப்போதும் ஓடாவிட்டால், கடைசியாக ஓடியபோது அடைப்பு இருந்ததா என்று யோசியுங்கள். சில மோட்டார்கள் தாம் இழுக்கும் காற்றாலேயே குளிர்கின்றன. காற்று வராவிட்டால் சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் துண்டித்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்பவும் பாருங்கள். ஓடினால் மகிழ்ந்துவிட்டுப் போகாமல், சூடேறியதற்கான அடைப்பைத் தேடுங்கள். ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் ரிலே (24 வோல்ட் கம்பியின் கட்டளைப்படி மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கும் சுவிட்ச்), சிறிய மின்மாற்றி, மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஒன்று. அது தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை.

ஓர் அறையில் ஓடுகிறது, இன்னோர் அறையில் ஓடவில்லை

சுவர்வாய்க்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். ஹோஸின் முனையில் இருக்கும் உலோக வளையம் அவை இரண்டையும் இணைக்கும்போதுதான் இயந்திரம் ஓடுகிறது. பல வருடம் தொடாத சுவர்வாயில் அந்தப் புள்ளிகள் கறுத்துப் போயிருக்கும். மெல்லிய அரத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர் அதன் மேலும் பூசிவிட்டுப் போன வீடும் உண்டு.

ஹோஸை ஆட்டினால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் எல்லாச் சுவர்வாயிலும் அப்படியா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் அப்படியென்றால் பிழை ஹோஸில். கைப்பிடியில் சுவிட்ச் உள்ள ஹோஸ்களில் கம்பி, கைப்பிடிக்கு அருகே வளைந்து வளைந்து முறிந்துவிடும்.

கம்பி ஒரு சுவர்வாயிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ந்து போகிறது. மேல்மாடியில் உள்ள எல்லாமே வேலை செய்யாமல், கீழே உள்ளவை மட்டும் வேலை செய்தால் நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. கீழே கடைசியாக வேலை செய்யும் சுவர்வாயின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, பின்னால் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேதான் கழன்று கிடக்கும்.

ஹோஸைக் கழற்றியும் இயந்திரம் நிற்கவில்லை

ஒரு நாள் காலையில் சின்னம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, சுவருக்குள்ள ஏதோ இரையுது. ஹோஸைக் கழட்டியும் நிக்குதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு." பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். முதல் நாள்தான் வரவேற்பறையில் புது மணமக்களின் பெரிய படத்தை மாட்டியிருந்தார்கள். ஆணி சுவர்வாய்க்கு நேர் மேலே. அது சுவருக்குள் போன இரட்டைக் கம்பியில் இறங்கி இரண்டையும் இணைத்துவிட்டது. ஆணியைக் கழற்றியதும் நின்றது.

இதைப் பிரித்தறிவது எளிது. இயந்திரத்தில் சேரும் மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். ஓடாமல் இருந்தால் பிழை வீட்டின் கம்பியில்: புதிதாக அடித்த ஆணி, சுவர்வாய்க்குள் குழந்தை போட்ட நாணயம், அல்லது சமையலறையில் அலுமாரிக்கு அடியில் காலால் திறக்கும் வாக்பான் (கூட்டிய குப்பையை ஹோஸ் இல்லாமல் நேரே இழுக்கும் வாய்) இருந்தால் அதன் நெம்பு சரியாக மூடாமல் நிற்பது. கம்பிகளைக் கழற்றியும் ஓடினால் இயந்திரத்துக்குள் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். யாரும் கவனிக்காமல் இரவு முழுக்க ஓடவிட்டால் மோட்டார் வீணாகும்.

வீடு முழுக்க இழுவை குறைவு, சத்தம் உயர்வு

சத்தம் உயர்வு என்றால் அடைப்பு. முதலில் வாளி. கொட்டியது எப்போது என்று நினைவில்லையென்றால் கொட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொட்டுகிறோம். முற்றத்தில் வைத்து, முகத்துக்கு மாஸ்க் போட்டு, பெரிய குப்பைப் பைக்குள் வாளியோடு நுழைத்துக் கவிழ்த்தால் தூசி பறக்காது.

அடுத்தது வடிகட்டி. சில இயந்திரங்களில் காகிதப் பை, சிலவற்றில் தலைகீழாகத் தொங்கும் துணி, சிலவற்றில் உருளை வடிவ வடிகட்டி. தொங்கும் துணி, மோட்டார் நின்றதும் தானாகத் தூசியை உதறும் என்பார்கள். சாதாரண வீட்டுத் தூசிக்கு அது சரிதான். ஆனால் மெல்லிய பொடி அதில் அப்பிக்கொண்டு பிறகு விழாது. ட்ரைவால் தேய்த்த தூசி இதற்குப் பெயர்போனது. பேஸ்மென்டைப் புதிதாகக் கட்டியவர்கள் அதைச் சென்ட்ரல் வாக்குவத்தால் இழுத்துவிட்டு, ஒரே நாளில் இழுவை போய்விட்டது என்பார்கள். நம் வீடுகளில் அதே வேலையைச் செய்வது திருநீறும் அரிசி மாவும். சாமி அறையில் சிந்திய திருநீற்றை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மா சிந்தினாலும் முதலில் அள்ளிவிட்டு மீதியைத் துணியால் எடுப்பது நல்லது.

சாம்பிராணித் தட்டின் சாம்பலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இழுக்காதீர்கள். வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு தணல் இருந்தால் போதும். குழாய்க்குள் பாயும் காற்று அதை ஊதிக் கிளப்பும், போய்ச் சேரும் இடத்தில் வாளி நிறையத் தலைமயிரும் நூலும் பஞ்சும் இருக்கிறது. நெருப்பு பிடிக்க வேறென்ன வேண்டும்? கணப்பு அடுப்பின் சாம்பலும் அப்படித்தான்.

துணி வடிகட்டியைக் கழுவலாமா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கையேட்டில் கழுவலாம் என்று இருந்தால் மட்டும் கழுவி, முழுமையாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தோடு போட்டால் தூசி சேறாக ஒட்டும்.

வாளியும் வடிகட்டியும் சரியென்றால் வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். வீட்டின் வெளிச்சுவரில் சிறிய மூடியோடு இருக்கும். பனிக்காலத்தில் நடைபாதையில் தள்ளிய பனி அதை மூடிவிடும். கோடையில் குளவி கூடு கட்டும். காற்று வெளியே போக முடியாவிட்டால் உள்ளேயும் வராது. எங்கள் வீட்டில் ஒரு ஜனவரியில் மூடியே உறைந்து இறுகிவிட்டது. சுடுநீர் ஊற்றாமல் கையால் தட்டித் தட்டி எடுத்தேன். ஊற்றிய நீர் சில நிமிடத்தில் இன்னும் மோசமாக உறைந்திருக்கும்.

சத்தம் வழக்கம் போல, இழுவை மட்டும் இல்லை

இது கசிவு. பக்கத்து அறையில் சுவர்வாயின் மூடி சரியாக மூடாமல் இருப்பதுதான் நான் அதிகம் கண்டது. எங்கள் வீட்டிலேயே மகளின் அறையில் புத்தக அலுமாரியைத் தள்ளி வைத்தபோது அதன் விளிம்பு மூடியைத் தூக்கிப் பிடித்துவிட்டது. விரலளவு இடைவெளிதான். வீடு முழுக்க இழுவை பாதியாகிவிட்டது. இயந்திரத்தை ஓடவிட்டு ஒவ்வொரு சுவர்வாயாகப் போய் மூடியைச் சுற்றி நனைத்த விரலை வைத்துப் பாருங்கள், காற்று ஓடினால் குளிரும். மூடிக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் புது மூடி போடலாம்.

வாளியைக் கொட்டித் திரும்பப் பொருத்திய அன்றே பிழை வந்தது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். வாளியின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை மடிந்திருக்கும், அல்லது ஒரு பக்கக் கொக்கி மாட்டாமல் இருக்கும். பட்டையைத் துடைத்துச் சரியாக உட்கார வையுங்கள்.

வாக்பானின் மூடி, பேஸ்மென்ட் கூரையில் தெரியும் குழாய் இணைப்புகள், இயந்திரத்தோடு குழாய் சேரும் ரப்பர் வளையம் ஆகியவற்றிலும் காதை வையுங்கள். உஸ் என்ற சத்தம் கேட்கும் இடம்தான். சத்தமும் வழக்கம், இங்கெல்லாம் கசிவும் இல்லை என்றால், ஹோஸ் ஒரு இடத்தில் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவர்வாய்க்கு அருகே வளையும் இடத்தில்தான் அது முதலில் கிழியும்.

ஹோஸா, குழாயா?

அடைப்பு என்று தெரிந்துவிட்டது, வாளியும் வடிகட்டியும் வெளிக்குழாயும் சுத்தம். இனிக் கேள்வி இதுதான்.

இயந்திரத்தின் உடம்பிலேயே ஹோஸைச் செருக ஓர் ஓட்டை இருந்தால் ஹோஸைக் கராஜுக்குக் கொண்டுபோய் அங்கே செருகிப் பாருங்கள். அங்கேயும் இழுவை குறைவென்றால் ஹோஸ் அடைத்திருக்கிறது. அங்கே நன்றாக இழுத்தால் சுவருக்குள் இருக்கும் குழாய். அந்த ஓட்டை இல்லாத இயந்திரமானால், ஒருவர் இயந்திரத்தின் முனைகளைக் கம்பித் துண்டால் இணைத்து ஓடவிட, இன்னொருவர் ஹோஸ் இல்லாமல் சுவர்வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையைப் பலமாக இழுத்துப் பிடித்தால் குழாயில் பிழையில்லை.

சுவருக்குள் இருக்கும் குழாய் 2 அங்குலம். ஹோஸ் அதைவிட ஒடுக்கம், ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். பெரிய பொருள் முதலில் சிக்க வேண்டிய இடம் ஹோஸ் என்பதால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். என் அனுபவத்திலும் அடைப்புகளில் பெரும்பாலானவை ஹோஸில்தான்.

ஹோஸைத் தரையில் நேராக நீட்டிப் போடுங்கள். 30 அடி என்பதால் வெளியே முற்றத்தில் செய்வது வசதி. இரண்டு பக்கத்திலிருந்தும் முனை மழுங்கிய தடியை, ஒரு பழைய தும்புத்தடியின் கைப்பிடியை, மெதுவாக நுழைத்துப் பாருங்கள். நடுவில் இருந்தால் எதிர்த்திசையில் இழுக்க வேண்டும்: கைப்பிடி முனையை இயந்திரத்தின் ஓட்டையில் வைத்து, இடைவெளியைத் துணியால் சுற்றி மூடி, ஓடவிடுங்கள். மற்ற முனையைக் கையால் மூடி, மூன்று நான்கு விநாடி கழித்துச் சட்டென்று எடுங்கள். பலமுறை செய்யுங்கள். வந்த வழியே திரும்பிப் போவது அடைப்புக்கு எளிது.

குழாயில் என்றால் எந்தக் கிளையில் என்று தேட வேண்டும். இயந்திரத்துக்கு அருகில் உள்ள சுவர்வாயிலிருந்து தொடங்கி, தூரம் தூரமாகப் போய் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கடைசியாகப் பலமாக இழுத்த இடத்துக்கும் முதலில் பலவீனமான இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு. ஒரே ஒரு சுவர்வாய் மட்டும் பலவீனமென்றால் அதன் பின்னாலேயே இருக்கும். ஒவ்வொரு சுவர்வாய்க்கும் பின்னால் சட்டென்று வளையும் முழங்கை ஒன்று உண்டு. மற்ற வளைவுகள் எல்லாம் நீண்டு சுற்றிப் போகும்; இது மட்டும் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம், நீளமான பொருள் உள்ளே போகாமல் கைக்கு எட்டும் தூரத்திலேயே சிக்கட்டும் என்பதுதான்.

எங்கள் வாக்பானில் சிக்கியது ஓர் ஊதுபத்திக் குச்சி. முழங்கையில் குறுக்கே நின்றுவிட்டது. அதன் மேல் ஒரு தலைமயிர், அந்த மயிரில் பூமாலையின் நூல், நூலில் பஞ்சு என்று ஆறு மாதத்தில் கெட்டியான அடைப்பாகிவிட்டது. கொண்டை ஊசியும் ஈர்க்குக் குச்சியும் பல்குச்சியும் இதே மாதிரித்தான். இவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டுப் பிறகு இழுக்கும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அந்தப் பழக்கம் வந்த பிறகு எங்கள் வீட்டில் அடைப்பே வரவில்லை.

சுவர்வாயின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கம்பி அறாமல் மெதுவாக வெளியே எடுத்து, தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் முழங்கை தெரியும். நீண்ட மூக்குக் குறட்டால் எடுங்கள். இன்னும் உள்ளே என்றால், இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளங்கையால் மூடித் திறக்கும் அதே முறை. அதற்கும் அசையாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, ஈரமும் இழுக்கும் பெரிய கராஜ் வாக்குவத்தின் ஹோஸைச் சுவர்வாயில் வைத்து, சுற்றிலும் ஈரத் துணியால் மூடி, எதிர்த்திசையில் இழுங்கள். இதில் வராத அடைப்பை நான் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன்.

தண்ணீர் ஊற்ற வேண்டாம். சாக்கடை அடைப்புக்கு ஊற்றும் மருந்தும் வேண்டவே வேண்டாம். எல்லாம் போய்ச் சேரும் இடம் மோட்டார்.

குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், மேலே மூடாத பேஸ்மென்ட் கூரையில் அது கடினமில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் விற்கும் பகுதியில் 2 அங்குலம் என்று கேட்டு வாங்காதீர்கள், பொருந்தாது. வாக்குவக் குழாயின் 2 அங்குலம் வெளிவிட்டம், அதன் சுவரும் மெல்லியது. தண்ணீர்க் குழாயின் 2 அங்குலம் உள்ளளவு. வாக்குவக் கடையில்தான் வாங்க வேண்டும். ஒட்டும்போது பசையைக் குழாயின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூசுங்கள். இணைப்புத் துண்டுக்குள் பூசினால் பசை உள்ளே வழிந்து மேடாகக் காயும். அடுத்த அடைப்பு அந்த மேட்டில்தான் தொடங்கும்.

தூரிகைத் தலை சுழலவில்லை

கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நீண்ட கூந்தல் உள்ள வீடுகளில் உருளையின் இரண்டு முனையிலும் மயிர் இறுகியிருக்கும். தையல் பிரிக்கும் கருவியால் அறுத்து எடுக்கலாம். தலையின் மேல் மீட்டும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தால் மாற்றுங்கள். மின்சாரம் இல்லாமல் காற்றால் சுழலும் தலை மந்தமாகச் சுற்றினால் பிழை அதில் இல்லை, இழுவையில்.

தொட்டால் மின்னதிர்ச்சி போலச் சுரீர் என்கிறது

குளிர்காலத்தில் மட்டும் வருவது. வீட்டுக் காற்று வறண்டு, பிளாஸ்டிக் ஹோஸில் தூசி உரசி நிலைமின்னூட்டம் சேர்கிறது. இயந்திரப் பிழையல்ல. வீட்டு ஈரப்பதத்தை 30, 40 சதவீதத்தில் வைத்திருங்கள். ஹோஸை அல்ல, உலோகத் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெட்ட வாடை, கருகல் வாடை, உராயும் சத்தம்

புளித்த வாடை என்றால் ஈரமான ஏதோ ஒன்று வாளிக்குள் போயிருக்கிறது. சோறு, கறித்துண்டு எதையும் இழுக்க வேண்டாம். வாளியைக் கழுவி வெயிலில் வையுங்கள்.

கருகல் வாடை வேறு விஷயம். உடனே நிறுத்துங்கள். மோட்டாரில் கார்பன் பிரஷ் என்று இரண்டு துண்டுகள் தேய்ந்துகொண்டே வரும். அவை முடியும் கட்டத்தில் பொறி பறக்கும், கறுப்புத் தூள் விழும், இயந்திரத்தைத் தட்டினால்தான் ஓடும். அப்படித் தட்டித் தட்டி ஓட்டினால் மோட்டாரின் செம்புப் பகுதி அரித்துவிடும், பிறகு பிரஷ் மாற்றியும் பயனில்லை. இரும்பு உராய்வது போல அலறினால் பெயரிங் போகிறது. காகிதப் பை உள்ள இயந்திரத்தின் வெளிக்குழாயிலிருந்து தூசி புகைபோல வந்தால் பை கிழிந்திருக்கிறது. அந்தத் தூசி மோட்டார் வழியாகத்தான் வெளியே வருகிறது, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். முனைகளை இணைத்தபோது மோட்டார் ஓடியதா, சத்தம் உயர்ந்ததா, எந்தச் சுவர்வாய் வரை இழுக்கிறது, ஹோஸை நேரடியாகச் செருகியபோது எப்படி என்று சொல்லுங்கள். வருபவர் சரியான பொருளோடு வருவார், தேடுவதற்குக் காசு வாங்க வேண்டிய தேவையும் இருக்காது. சுவர்வாயில் இழுவையை அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இயந்திரத்தின் அருகே வரும் அளவும் தூரச் சுவர்வாயில் வரும் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் குழாயில் கசிவு. இயந்திரத்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

மோட்டார் உண்மையிலேயே போயிருந்தாலும் மனம் உடைய வேண்டாம். 1902இல் பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் கட்டடத்தில் டேவிட் கென்னி நீராவியால் ஓட்டிய தொகுதியின் அமைப்பும் இதேதான்: ஓரிடத்தில் இயந்திரம், சுவருக்குள் குழாய், கையில் ஹோஸ். பழுதாவது இயந்திரமும் ஹோஸும்தான், சுவருக்குள் இருக்கும் குழாய் வீடு உள்ளவரை இருக்கும். வட அமெரிக்காவில் குழாயின் அளவு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று என்பதால், பழைய குழாயில் வேறு எந்த நிறுவனத்தின் இயந்திரத்தையும் மாட்டலாம். முதலில் மோட்டாரை மட்டும் மாற்ற முடியுமா என்று விலை கேளுங்கள். பல இயந்திரங்களில் முடியும்.